ஆடவே முடியாத வீரரின் ஒப்பந்தத்தை இன்னொரு டீம் ஏன் கேட்டு வாங்குகிறது?

கேள்வி கேட்டவருக்குக் கனடாவில் இது இரண்டாவது குளிர்காலமாம். அலுவலகத்தில் எல்லோரும் ஐஸ் ஹாக்கியே பேசுகிறார்களே என்று பார்க்க ஆரம்பித்து, ஒரு டீமைப் பிடித்துக்கொண்டு, அந்த டீமில் வருஷத்துக்கு 6 மில்லியன் டாலர் வாங்கும் ஒருவர் சீசன் முழுக்கப் பத்து கோல்கூடப் போடாததைப் பார்த்து நொந்துபோய் மூன்று கேள்வி கேட்கிறார். இன்னும் நாலு வருஷ ஒப்பந்தம் பாக்கி இருக்கும் இவரை ஏன் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை? மற்ற டீம்கள் இப்படிப்பட்டவர்களை அடுத்தவர் தலையில் எப்படிக் கட்டுகின்றன? காயத்தால் ஆட்டத்தையே விட்டுவிட்டவர்களின் பெயரெல்லாம் ட்ரேட் (டீம்கள் வீரர்களை மாற்றிக்கொள்வது) செய்தியில் வருகிறதே, அது என்ன கூத்து? மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தாலும், அவர் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான்: பணம் கொட்டிக் கிடக்கும் டீம்கூட இந்த விஷயத்தில் ஏன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது?

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் பிழைப்புக்குப் பார்ப்பது ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டியல். இருபது வருஷமாக அதே வேலை. எந்த ஹாக்கி டீமிலும் வேலை பார்த்ததில்லை. ஆனால் நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) சம்பள விதிகளை அப்படியே வைத்து ஒரு கற்பனை லீக் நடத்துகிறோம், அதற்கு நான்தான் கணக்குப்பிள்ளை. சண்டை வரும்போதெல்லாம் தீர்ப்பு சொல்லவேண்டியிருப்பதால், லீக்கும் வீரர் சங்கமும் போட்டுக்கொண்ட கூட்டு ஒப்பந்தத்தைப் படித்தே ஆகவேண்டிய தலையெழுத்து எனக்கு. ஆகவே விதி என்ன என்பதை உறுதியாகச் சொல்வேன். மேனேஜர்களின் மனதில் என்ன ஓடியது என்பதில் நான் சொல்வது ஊகம்தான், அந்த இடம் வரும்போது ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன். தொகையெல்லாம் அமெரிக்க டாலர். டீம் மாண்ட்ரியலில் இருந்தாலும் வீரருக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2004-05 சீசன் முழுவதும் நடக்கவே இல்லை. முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் நடந்த தகராறில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஒரு வருஷமே போனது. அந்தத் தகராறின் முடிவில் வந்ததுதான் சம்பள உச்சவரம்பு, எல்லோரும் வாயில் சொல்வது 'கேப்'. 2005-06ல் ஒரு டீமுக்கு 39 மில்லியன், 2025-26ல் 95.5 மில்லியன். கூடைப்பந்து லீக்கில் வரி கட்டிவிட்டு வரம்பைத் தாண்டலாம், ஹாக்கியில் அதெல்லாம் நடக்காது. ஆக, ஒவ்வொரு டீமும் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ரொக்கம்: இந்த வருஷம் வீரரின் வங்கிக் கணக்குக்குப் போகும் பணம். இன்னொன்று கேப் கணக்கு: மொத்த ஒப்பந்தத் தொகையை மொத்த வருஷத்தால் வகுத்து வரும் சராசரி. ஒருவருக்கு முதல் வருஷம் 10 மில்லியனும் கடைசி வருஷம் ஒரு மில்லியனும் கொடுத்தாலும், கேப் கணக்கில் எல்லா வருஷமும் ஒரே எண்தான். பணக்கார டீமுக்கு முதல் புத்தகத்தைப் பற்றிக் கவலை இல்லை, இரண்டாவதில்தான் கழுத்து நெரிகிறது. ஏழை டீமுக்கு நேர்மாறு. நீங்கள் பார்க்கும் விசித்திரமான ட்ரேடுகளில் முக்கால்வாசி இந்த வித்தியாசத்தில் பிறந்தவை.

முதல் கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. என்.எச்.எல். ஒப்பந்தம் உத்தரவாதமானது. ஆட்டம் சரியில்லை என்பதற்காக நிறுத்த முடியாது. அமெரிக்கக் கால்பந்தில் பாதி ஒப்பந்தத்தில் ஆளைக் கழற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், இங்கே அது செல்லாது. வீட்டில் உட்காரவைத்தாலும் சம்பளம் ஓடும், கேப் கணக்கிலும் இடம் அடைத்துக்கொண்டிருக்கும். அதற்கு மேல், பெரிய ஒப்பந்தங்களில் பாதிக்கு மேல் 'என்னை என் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது' என்ற ஷரத்து ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். சில பேருக்கு முழுத் தடை, சில பேருக்கு 'இந்தப் பத்து டீமுக்கு மட்டும் போகமாட்டேன்' என்ற பட்டியல்.

ஒரு காலத்தில் சுலபமான வழி ஒன்று இருந்தது. பெரிய சம்பளக்காரரைக் கீழ்மட்ட லீக்குக்கு அனுப்பிவிட்டால் கேப் கணக்கிலிருந்து அவர் முழுசாக மறைந்துவிடுவார். நியூயார்க் ரேஞ்சர்ஸ் 2008ல் வேட் ரெட்டன் என்ற தடுப்பாட்டக்காரருக்கு 6 வருஷம் 39 மில்லியன் கொடுத்தது. இரண்டு சீசன் பார்த்தார்கள், சரிப்படவில்லை. ஹார்ட்ஃபோர்டில் இருந்த கீழ்மட்ட டீமுக்கு அனுப்பிவிட்டார்கள். வருஷத்துக்கு 6.5 மில்லியன் சம்பளம் வாங்கிக்கொண்டு இரண்டு சீசன் அவர் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் சின்ன அரங்குகளில் ஆடினார். ரேஞ்சர்ஸுக்கு ரொக்கம் ஒரு பொருட்டே இல்லை, ஏழை டீமால் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 2013ல் வந்த புதிய கூட்டு ஒப்பந்தம் இந்த ஓட்டையை அடைத்தது. இப்போது கீழே அனுப்பினால் குறைந்தபட்சச் சம்பளமும் அதற்கு மேல் 3,75,000 டாலரும் மட்டும்தான் கேப்பில் கழியும். 2025-26 கணக்குப்படி அது 1.15 மில்லியன். உங்கள் 6 மில்லியன்காரரைக் கீழே அனுப்பினாலும் 4.85 மில்லியன் உங்கள் கணக்கில்தான் நிற்கும்.

அடுத்தது பைஅவுட், அதாவது பாக்கிச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வது. பாக்கித் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு கொடுக்கவேண்டும், வீரருக்கு 26 வயது ஆகவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதை மிச்சமிருக்கும் வருஷத்தைப் போல இரண்டு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். வீட்டுக்கடனின் தவணையைக் குறைத்து வருஷத்தை நீட்டிக்கொள்வது போலத்தான், இந்த மாதம் மூச்சு விடலாம், ஆனால் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். இதில் முக்கியமான ஒரு சங்கதி, கையெழுத்துப் போனஸாக எழுதப்பட்ட தொகை பைஅவுட்டில் ஒரு சென்ட்கூடக் குறையாது. வீரர்களின் ஏஜெண்டுகள் இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பெரிய ஒப்பந்தங்களில் சம்பளத்தைக் குறைத்துப் போனஸை ஏற்றி எழுத ஆரம்பித்தார்கள். அப்படி எழுதிய ஒப்பந்தத்தை முறித்துப் பெரிய லாபம் இல்லை.

பைஅவுட் எப்படிக் கடிக்கும் என்பதற்கு மினசோட்டா வைல்டை மிஞ்சிய உதாரணம் கிடையாது. கொஞ்சம் கணக்குப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இது பிடித்த இடம். 2012 ஜூலை 4ஆம் தேதி ஜாக் பரீஸே, ரையன் சூட்டர் என்ற இருவருக்கும் அச்சு அசலாக ஒரே ஒப்பந்தம்: 13 வருஷம், 98 மில்லியன். கேப் கணக்கில் தலைக்கு 7.538 மில்லியன். ரொக்கம் முன்பக்கம் கனமாகவும் பின்பக்கம் ஒன்றுமில்லாமலும் எழுதப்பட்டது. 2021 ஜூலையில் மேனேஜர் பில் கெரின் இருவரையும் ஒரே நாளில் பைஅவுட் செய்தபோது நாலு வருஷம் பாக்கி இருந்தது, அதில் தலைக்குக் கொடுக்கவேண்டிய சம்பளம் 6, 2, 1, 1 என்று மொத்தம் 10 மில்லியன்தான். மூன்றில் இரண்டு பங்கு 6.67 மில்லியன், எட்டு வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 0.833.

ரொக்கமாகப் பார்த்தால் கொசுறு. ஆனால் கேப் கணக்கில் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? பழைய 7.538ஐ அப்படியே வைத்து, அந்த வருஷம் எவ்வளவு ரொக்கம் மிச்சமானதோ அதை மட்டும்தான் கழிப்பார்கள். முதல் வருஷம் 6 கொடுக்கவேண்டிய இடத்தில் 0.833 கொடுக்கிறார்கள், 5.167 மிச்சம், ஆகவே கேப்பில் 2.371. மூன்றாவது வருஷம் கொடுக்கவேண்டியதே 1 மில்லியன், மிச்சமாவது வெறும் 0.167. ஆகவே ஆள் போன பிறகும் கேப்பில் 7.371 மில்லியன் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து முதல் வருஷம் 4.74, இரண்டாம் வருஷம் 12.74, அப்புறம் இரண்டு வருஷம் தலா 14.74 மில்லியன். 2023-24ல் வரம்பு 83.5 மில்லியன், அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல், அந்த டீமுக்கு ஆடாத இருவருக்காக. அதன் பிறகும் 2028-29 வரை வருஷத்துக்கு 1.67 மில்லியன் ஓடும்.

அப்படியும் கெரின் ஏன் செய்தார்? உறுதியாகத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. அந்த மாதம் சியாட்டில் என்ற புது டீம் வந்தது, வேகஸைத் தவிர மற்ற ஒவ்வொரு டீமிலிருந்தும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மாற்றத் தடை உள்ள இந்த இருவரையும் வைத்திருந்தால் கட்டாயமாகக் காப்பாற்றியாகவேண்டும், அதனால் இளைஞர்கள் இருவரை வெளியே விடவேண்டிவரும். உடைமாற்றும் அறையில் இவர்கள் இருவரின் செல்வாக்கும் ஒரு காரணம் என்று அப்போது நிறையப் பேச்சு, அதை நான் பேச்சு என்ற அளவில்தான் வைப்பேன். அந்த நாலு சீசனில் வைல்ட் மூன்று முறை பிளேஆஃபுக்கு (லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் நாக்அவுட் சுற்றுகள்) போய் மூன்று முறையும் முதல் சுற்றிலேயே தோற்றது, ஒரு முறை போகவே இல்லை. அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் இன்னொரு சுற்று போயிருப்பார்களா என்று நிரூபிக்க வழியில்லை. என் அபிப்பிராயம், போயிருப்பார்கள்.

இன்னொரு பைஅவுட்டையும் சொல்லாமல் போக மனசில்லை. ஆலிவர் எக்மன்-லார்சனை 2023ல் வான்கூவர் பைஅவுட் செய்தது. அடுத்த வருஷம் அவர் புளோரிடாவோடு லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார், பிறகு டொராண்டோவுக்கு வருஷத்துக்கு 3.5 மில்லியனுக்கு வந்தார். 2025-26ல் அவருக்காக வான்கூவரின் கேப் கணக்கில் நிற்பது 4.77 மில்லியன். அவர் ஆடும் டீமைவிட ஆடாத டீமுக்கு அவர் அதிகம் செலவு வைக்கிறார். 2013 கூட்டு ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு கொடுத்தார்கள். 2013, 2014 இரண்டு கோடையில் ஒவ்வொரு டீமும் இரண்டு பேரைக் கேப்பில் எழுதாமலே பைஅவுட் செய்யலாம் என்றார்கள். நியூயார்க் ஐலண்டர்ஸ் அதைப் பயன்படுத்திக் கோலி (கோல்கீப்பர்) ரிக் டிபியட்ரோவை விட்டது. 2006ல் 15 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். கேப் தப்பியது, ஆனால் ரொக்கம் 2029 வரை வருஷத்துக்கு 1.5 மில்லியன் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இப்போது இரண்டாவது கேள்வி, அடுத்தவர் தலையில் கட்டுவது. இதில் மர்மம் ஒன்றுமில்லை, கூலி கொடுத்துத்தான் கட்டுகிறார்கள். சுமையைத் தூக்கிக்கொள்ள ஆள் பிடித்தால் கூலி கேட்பான், அந்தக் கூலி பெரும்பாலும் டிராஃப்டில், அதாவது டீம்கள் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், இளைஞர்களை எடுக்கும் உரிமை. 2019ல் டொராண்டோவுக்குப் பாட்ரிக் மார்லோவின் 6.25 மில்லியனை இறக்கியாகவேண்டிய நெருக்கடி. கரோலினா வாங்கிக்கொண்டு உடனே பைஅவுட் செய்துவிட்டது, கூலியாக டொராண்டோவின் முதல் சுற்று உரிமை. 2020ல் அந்த 13ஆம் இடத்தில் கரோலினா எடுத்தது சேத் ஜார்விஸை, இன்றைக்கு அந்த டீமின் முக்கியமான முன்களக்காரர்களில் ஒருவர். ஒரே ஒரு வருஷ நிம்மதிக்கு டொராண்டோ கொடுத்த விலை அது. டொராண்டோக்காரர்களிடம் இந்தப் பெயரை எடுக்காதீர்கள், காபி ஆறிப்போகும்.

ஆனால் எல்லா நேரமும் இறக்கியவன்தான் நஷ்டப்பட்டான் என்றும் சொல்ல முடியாது. 2016ல் பாவெல் தட்சியுக் ரஷ்யாவுக்கே திரும்பிவிட்டார். 35 வயதுக்குப் பிறகு தொடங்கிய ஒப்பந்தம் என்பதால், அவர் போன பிறகும் 7.5 மில்லியன் டெட்ராய்ட்டின் கேப்பில் நின்றது. அரிசோனா அதை வாங்கிக்கொண்டது. டெட்ராய்ட் 16ஆம் இடத்தைக் கொடுத்து 20, 53 ஆகிய இடங்களை வாங்கிக்கொண்டது. 16ல் அரிசோனா ஜேக்கப் சிக்ரனை எடுத்ததால் டெட்ராய்ட் ஏமாந்துவிட்டது என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். 53ல் டெட்ராய்ட் எடுத்தது ஃபிலிப் ஹ்ரோனெக்கை என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

ரொம்ப லாபம் பார்த்தது மாண்ட்ரியல். 2022 ஆகஸ்டில் கால்கரிக்கு நஸீம் காத்ரியைச் சேர்க்க இடம் வேண்டும். இடுப்புக் காயத்தால் மங்கிப்போயிருந்த ஷான் மோனஹனையும் அவரது 6.375 மில்லியனையும் ஒரு முதல் சுற்று உரிமையோடு சேர்த்து மாண்ட்ரியலிடம் தள்ளிவிட்டார்கள். மாண்ட்ரியல் பொறுமையாக அவரைத் தேற்றி, புது ஒப்பந்தம் போட்டு, 2024 பிப்ரவரியில் வின்னிபெக்குக்குக் கொடுத்து இன்னொரு முதல் சுற்று உரிமை வாங்கியது. ஒரே ஆளை வாங்கியதற்கும் ஒன்று, விற்றதற்கும் ஒன்று.

கூலி கொடுக்க மனமில்லாதவர்கள் சுமைக்குச் சுமை மாற்றிக்கொள்வார்கள். 2019ல் எட்மன்டன் மிலான் லூச்சிச்சைக் கொடுத்துக் கால்கரியிடமிருந்து ஜேம்ஸ் நீலை வாங்கியது. இரண்டும் எதிரி ஊர்கள், இருவருடையதுமே டீம் கையைப் பிசைந்துகொண்டிருந்த ஒப்பந்தம். எட்மன்டன் லூச்சிச் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தானே சுமக்கவும் ஒப்புக்கொண்டது. இப்படிப் பகுதிச் சம்பளத்தை வைத்துக்கொண்டு மீதியை மட்டும் அனுப்புவது சர்வசாதாரணம். அதிகபட்சம் பாதி வரை, ஒரு டீம் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மட்டும். உங்கள் ஆள் விஷயத்தில் நடக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான் என்று நினைக்கிறேன், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி மூன்றாவது கேள்வி. எனக்கு உண்மையிலேயே பிடித்தது இதுதான். நீண்ட நாள் காயப் பட்டியல் என்று ஒன்று உண்டு. பத்து ஆட்டமும் 24 நாளும் ஆட முடியாத வீரரை அதில் சேர்த்தால், அவரது கேப் தொகை அளவுக்கு டீம் வரம்பைத் தாண்டிச் செலவு செய்யலாம். கவனியுங்கள், அவருடைய தொகை அழிவதில்லை, அந்த அளவுக்கு மேலே போக அனுமதி மட்டும்தான். ஆகவே வரம்பின் விளிம்புவரை சம்பளப் பட்டியலை நிரப்பிவிட்டு, அப்புறம் இவரைப் பட்டியலில் போடுபவன் கெட்டிக்காரன். ஆட முடியாத ஒருவரின் ஒப்பந்தம் பணக்கார டீமுக்குச் சொத்தாக மாறும் இடம் இது.

2013 ஜூலையில் இரண்டு பேர் ஏழு வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். டேவிட் கிளார்க்சன் டொராண்டோவில், வருஷத்துக்கு 5.25 மில்லியன். நேதன் ஹார்ட்டன் கொலம்பஸில், 5.3 மில்லியன். கிளார்க்சன் முதல் சீசனில் போட்டது 5 கோல், ஊரே திட்டியது. ஹார்ட்டனுக்கு முதுகு போய்விட்டது, திரும்பி ஆடவே முடியாத நிலை. வழக்கமாகப் பெரிய ஒப்பந்தத்துக்குக் காப்பீடு இருக்கும், காயம்பட்டால் சம்பளத்தில் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். ஹார்ட்டன் ஒப்பந்தத்துக்குக் காப்பீடு இல்லை. கொலம்பஸ் மாதிரிச் சின்ன ஊர் டீம், ஆடாத ஆளுக்கு 5.3 மில்லியனைச் சொந்தப் பெட்டியிலிருந்து எடுத்து வருஷா வருஷம் கொடுக்கவேண்டும். 2015 பிப்ரவரியில் இருவரையும் நேருக்கு நேர் மாற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு லீக் முழுக்கச் சிரித்தது, ஆடும் ஆளைக் கொடுத்துவிட்டு ஆடவே முடியாத ஆளை வாங்குகிறானே என்று. கொலம்பஸுக்கு எப்படியும் போகிற பணத்துக்கு ஒரு ஆட்டக்காரராவது கிடைத்தார். டொராண்டோவுக்குப் பணம் பெரிதில்லை, கேப்பில் இடம் கிடைத்தது. முன்னால் சொன்ன இரண்டு புத்தகமும் ஒரே ட்ரேடில் இப்படிப் பளிச்சென்று தெரிந்தது வேறு எப்போதும் இல்லை.

கதை அதோடு முடியவில்லை. கொலம்பஸில் கிளார்க்சனுக்கும் முதுகு போனது. 2017ல் லாஸ் வேகஸ் புது டீமாக வந்தபோது, அவரை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று உரிமையைக் கொலம்பஸ் கொடுத்தது, கூடவே தன் பட்டியலிலிருந்து வில்லியம் கார்ல்சனை எடுத்துக்கொள்ளவும் விட்டது. கார்ல்சன் அந்த சீசனில் 43 கோல் போட்டு வேகஸை இறுதிச்சுற்றுக்கே கொண்டுபோனார். 2019ல் வேகஸுக்குக் கணக்கு இடித்தபோது கிளார்க்சன் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டது யார் தெரியுமா, டொராண்டோதான். மிட்ச் மார்னருக்குப் பெரிய தொகை எழுதவேண்டிய கோடை அது. 2019-20ல் ஹார்ட்டன், கிளார்க்சன் இருவருமே டொராண்டோவின் காயப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் மாற்றிக்கொண்ட அதே இருவர், பத்தரை மில்லியனுக்கு வழிவிட்டுக்கொண்டு. எங்கள் கற்பனை லீக்கில் இதைப் பார்த்து நானும் ஒரு காயப்பட்ட கோலியை வாங்கினேன், விளிம்புவரை நிரப்பாமல் முதல் நாளே அவரைப் பட்டியலில் போட்டு மூன்று மில்லியன் சலுகையை வீணாக்கினேன் என்பது தனிக்கதை.

அப்போ அரிசோனா ஏன் இப்படி ஒப்பந்தங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தது? மேல் வரம்பு போல ஒரு கீழ் வரம்பும் உண்டு, அதற்குக் குறைவாக எந்த டீமும் இருக்கக்கூடாது. வருமானம் இல்லாத டீமுக்கு, கேப்பில் பெரிதாகவும் ரொக்கத்தில் சிறிதாகவும் தெரியும் ஒப்பந்தம் வரப்பிரசாதம். கிறிஸ் பிராங்கர் 2011ல் கடைசியாக ஆடியவர், லீக்கின் ஒழுங்குத் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டவர், 2015ல் அவர் ஒப்பந்தம் பிலடெல்பியாவிலிருந்து அரிசோனாவுக்குப் போனது. அதே வருஷம் அவர் ஹாக்கிப் புகழ் மண்டபத்திலும் சேர்ந்தார். தோல் நோயால் ஆட முடியாமல் போன மரியன் ஹோசா 2018ல் சிகாகோவிலிருந்து வந்தார். 14 வருஷம், 110 மில்லியன் ஒப்பந்தக்காரர் ஷே வெபர் 2021ல் மாண்ட்ரியலுக்குக் கடைசியாக ஆடினார், ஒப்பந்தம் 2022ல் வேகஸுக்கும் 2023ல் அரிசோனாவுக்கும் போனது. அவரது கேப் கணக்கு 7.857 மில்லியன், கடைசி வருஷங்களில் ரொக்கமோ ஒரு மில்லியன். 2024ல் அரிசோனா டீமையே சால்ட் லேக் சிட்டிக்குப் பெயர்த்தபோது அவர் ஒப்பந்தமும் பெட்டியோடு போனது, அந்த நவம்பரில் அவரும் புகழ் மண்டபத்தில் சேர்ந்தார். 'நான் ஓய்வு பெறுகிறேன்' என்று இவர்கள் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதினால் மிச்சச் சம்பளம் போய்விடும், பழைய டீமுக்கும் அபராதம் விழலாம்.

அந்த அபராதம் இலியா கோவல்சுக்கால் வந்தது என்றே சொல்லலாம். 2010ல் நியூ ஜெர்சி அவருக்கு எழுதியது 17 வருஷம், 102 மில்லியன், அதில் கடைசி ஐந்து வருஷம் தலா 5,50,000 டாலர் மட்டும். நாற்பத்து நாலு வயது வரை ஆடப்போவதாக யாரும் நம்பவில்லை, சராசரியை இறக்கவே அந்த வால். லீக் நிராகரித்தது, பிறகு 15 வருஷம் 100 மில்லியனுக்கு ஒப்புக்கொண்டது. 2013 புதிய ஒப்பந்தம் இரண்டு காரியம் செய்தது: சொந்த வீரருக்கு எட்டு வருஷம், வெளியாளுக்கு ஏழு வருஷம் என்று உச்சம் வைத்தது, இப்படி வாலோடு எழுதியவர்கள் பாதியில் ஓய்வு பெற்றால் முன்பு அனுபவித்த கேப் லாபத்தைத் திரும்பப் பிடிக்கும் என்றது. கோவல்சுக் அந்தக் கோடையிலேயே ரஷ்யா போய்விட்டார். நியூ ஜெர்சியின் கணக்கில் 2024-25 வரை வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் பிடித்தம் நின்றது. இதே மாதிரி ஒப்பந்தக்காரரான கோலி ராபர்ட்டோ லுவாங்கோ 2019ல் ஓய்வு பெற்றபோது அவரை ஐந்து வருஷம் முன்பே விற்றுவிட்ட வான்கூவருக்கு மூன்று சீசன், தலா 3 மில்லியனுக்குச் சற்று மேல். செத்த பாம்பு கடித்த மாதிரி.

உறுதியில்லாத பகுதிக்கு வருகிறேன். காயம் உண்மையா, கணக்குக்கான காயமா? 2020-21ல் தம்பாவின் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு லீக் ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை, கேப் பொருந்தாத பிளேஆஃபின் முதல் நாள் வந்து 32 புள்ளிகளோடு (போட்ட கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) முதலிடம் பிடித்துக் கோப்பையும் வாங்கினார். கொண்டாட்டத்தில் 'கேப்புக்கு மேல் 18 மில்லியன்' என்று எழுதிய பனியன் வேறு. அறுவை சிகிச்சை நடந்தது உண்மை, லீக்கும் விதிமீறல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ரெண்டு வாரம் முன்னால் வந்திருக்க முடியுமா என்பதை அவரும் டாக்டரும்தான் சொல்லவேண்டும், வெளியில் இருந்து அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். 2025-26லிருந்து பிளேஆஃபில் களமிறங்கும் இருபது பேருக்கும் கேப் உண்டு என்று ஆக்கிவிட்டார்கள், அந்த சீசனிலேயே திரும்பக்கூடியவருக்கு முழுச் சலுகையும் கிடையாது. ஒப்பந்தத்தை வீரர் மீறிவிட்டார் என்று சொல்லி ரத்து செய்யும் வழியையும் சிலர் கேட்பார்கள். 2015ல் லாஸ் ஏஞ்சலஸ் மைக் ரிச்சர்ட்ஸ் விஷயத்தில் அதைச் செய்தது, சங்கம் எதிர்த்தது, சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரசத்தின் தொகை 2031-32 வரை அந்த டீமின் கணக்கில் இருக்கிறது. அதை வழி என்று நான் எண்ணுவதில்லை.

இப்போது உங்கள் ஆள். பெயர் சொல்லவில்லை, ஆனால் கொடுத்த விவரம் போதும்: 6 மில்லியன், நாலு வருஷம், போனஸ் இல்லாமல் சம அளவுச் சம்பளம், பத்து டீம் தடைப் பட்டியல். இன்றைக்கு பைஅவுட் செய்தால் 24 மில்லியனில் 16 மில்லியன், எட்டு வருஷம், வருஷத்துக்கு 2. நாலு வருஷம் 4 மில்லியன் மிச்சம், அடுத்த நாலு வருஷம் 2 மில்லியன் தண்டம். இரண்டு வருஷம் பொறுத்தால் தண்டம் இரண்டே வருஷம். கேப்போ 2026-27ல் 104, அடுத்த வருஷம் 113.5 மில்லியன் என்று ஏறப்போகிறது. இன்றைக்கு நெருக்கும் 6 மில்லியன் அன்றைக்கு அந்த அளவு நெருக்காது, பாதியைச் சுமந்துகொண்டு மூன்றுக்குக் கொடுத்தால் வாங்க ஆளும் கிடைக்கும். நான் மேனேஜராக இருந்தால் இந்த வருஷம் பல்லைக் கடித்துக்கொள்வேன். உங்கள் மேனேஜருக்கு அந்தப் பொறுமை இருக்குமா என்பது வேறு, வேலை போகும் பயத்தில் இருப்பவர்கள் அடுத்த எட்டு வருஷத்தைப் பற்றி யோசிப்பதில்லை. பைஅவுட் ஜன்னல் ஜூன் நடுவில், இறுதிச்சுற்று முடிந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு திறந்து, ஜூன் 30 மாலை 5 மணிக்கு மூடும். அதற்கு முன் அவர் பெயர் வெய்வர் பட்டியலில் (வேறு டீம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைப்பது) வந்தால் முடிவெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஜூலை 1 காலை வரை வரவில்லை என்றால், அக்டோபரில் அவரை மறுபடி பார்க்கத் தயாராகிக்கொள்ளுங்கள்.